புன்னைக்குடா மணலில் 18 நிமிடங்கள்

மேலே வாசிக்குமுன் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் அறையில் வடக்கு எந்தப் பக்கம்? எழுந்து வாசலுக்குப் போகாமல், பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்காமல், விரலை நீட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் தயங்கியிருக்க மாட்டீர்கள். முஸல்லா விரிக்கும் பக்கம் கை தானாகவே போகும். ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட்டு வடக்கைச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது என்பதை என் 39ஆவது வயதில், ஏறாவூரின் மணல் வெளியொன்றில், 15 வயதுப் பிள்ளையின் முன்னால் நின்று அறிந்துகொண்டேன். அந்தக் காலைப் பொழுதின் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

போன பாடசாலை விடுமுறையில் என் ராத்தாவைப் பார்ப்பதற்காக ஏறாவூருக்குப் பயணமானேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை ஒரு பஸ். அங்கிருந்து திருகோணமலை வீதியில் வடக்கு நோக்கிச் சுமார் 15 கிலோமீட்டர் போக இன்னொரு பஸ். அந்த வீதியில் போகிறவர்கள் ஊர்ப்பெயர்களைக் கவனிக்க வேண்டும். சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சந்திவெளி என்று வரிசையாக வரும். முற்குகருக்கும் திமிலருக்கும் நடந்த பழைய சண்டையில் முஸ்லிம்களான பட்டாணியர் முற்குகருக்குத் துணை நின்று எதிரியைத் துரத்தினார்கள் என்பது இப்பகுதியின் வாய்மொழிக் கதை. சத்துருவை வென்ற இடம் சத்துருக்கொண்டான், எதிரி ஏற முடியாமற் போன ஊர் ஏறாவூர், துரத்தியவர்கள் வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை என்று பெயர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். காகிதமும் அச்சும் இல்லாத காலத்தில் ஒரு வழியை மறக்காமல் வைத்திருக்க மக்கள் கண்ட உபாயம் அது. பெயர்களையே வரைபடமாக்கிவிட்டார்கள்!

அது மட்டுமா? மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்வார்கள். சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. திசைகாட்டி இல்லாமலே திசையை வாயில் வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த எனக்குத்தான் வடக்குத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்த அன்றிரவு ராத்தாவின் வீட்டில் ஒரு சிறு வாக்குவாதம். பிள்ளை படிக்கும் பாடசாலையின் ஆசிரியைகள் சிலர், மாணவிகளுக்கு ஒரு வரைபட ஓட்டம் ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒவ்வொரு மாணவியும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிவர வேண்டும். இடம் ஊருக்குக் கிழக்கே, புன்னைக்குடாக் கடற்கரைக்குப் போகும் வீதியை ஒட்டிய தென்னந்தோட்டங்களும் மணல் வெளிகளும். "பொம்புளப் புள்ளைகள் காட்டுக்குள்ள காகிதத்தத் தூக்கிக்கொண்டு ஓடி என்னத்தக் காணப் போகுதுகள்?" என்று ராத்தா மறுத்துவிட்டார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் போறன் ராத்தா, எனக்கும் பொழுது போகும்" என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

வரைபட ஓட்டம் என்றால் என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். வெளிநாடுகளில் ஓரியன்டீரிங் என்று சொல்லப்படும் விளையாட்டு இது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் சில இடங்கள் வட்டமிட்டு இலக்கமிடப்பட்டிருக்கும். அந்த இடங்களுக்கு வரிசைப்படி போய், அங்கே கட்டியிருக்கும் செம்மஞ்சள் வெள்ளைத் துணி அடையாளத்தைக் கண்டுபிடித்து, நம் அட்டையில் துளையிட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த வழியால் போவது என்பது அவரவர் தீர்மானம். நோர்வேயில் 1897ஆம் ஆண்டில் முதற் பொதுப் போட்டி நடந்தது. சுவீடனில் இராணுவ அதிகாரியான ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் 1919இல் நடத்திய பெரிய போட்டிக்குப் பிறகுதான் இது பரவலாயிற்று. 1925இல் அந்நாட்டின் கோதன்பர்க் நகரில் பெண்களுக்கென்றே போட்டி வைத்தார்கள். 1966இல் பின்லாந்தில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆண்களோடு பெண்களுக்கும் தனிப்பட்டம் இருந்தது. நம் நாட்டிலும் 1912இல் சாரணர் இயக்கமும் 1917இல் பெண் சாரணியர் இயக்கமும் வந்த காலந்தொட்டு, வரைபடம் பார்த்து நடப்பது பிள்ளைகளுக்குப் பயிற்சியாகவே இருந்து வருகிறது.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். 14 இணைகள் வந்திருந்தன. சிலர் உம்மாவோடு, சிலர் மாமியோடு. ஒருத்தி தன் உம்மம்மாவையே கூட்டி வந்திருந்தாள்! ஆசிரியைகள் கையால் வரைந்து பிரதி எடுத்த வரைபடம் ஆளுக்கொன்று கிடைத்தது. அதில் 1 சென்ரிமீட்டர் தரையில் 50 மீட்டர். திசைகாட்டியும் ஆளுக்கொன்று. தேட வேண்டிய இடங்கள் 8.

முதலில் ஆசிரியை ஒருவர் சொல்லித் தந்தது இதுதான்: "வரைபடத்தை எழுத்து வாசிக்கிற மாதிரிப் பிடிக்காதீங்க. தரைக்கு ஏத்த மாதிரித் திருப்புங்க. எழுத்து தலைகீழா நிண்டாலும் பரவாயில்ல." 1154ஆம் ஆண்டில் சிசிலித் தீவில் அல்-இத்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞர் வரைந்த புகழ்பெற்ற உலகப்படத்தில் தெற்குத்தான் மேலே இருக்கிறது. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அச்சடித்தவர்களின் வழக்கமே தவிர, பூமியின் கட்டளை அல்ல.

இன்னொன்றும் சொன்னார். போகும் வழியில் கைபிடித்துப் போகக்கூடிய ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டுமாம். வீதி, வேலி, வாய்க்கால் எதுவாகவும் இருக்கலாம். அதேபோல, மீறிப் போய்விட்டால் நம்மைத் தடுத்து நிறுத்தும் ஒரு பொருளையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கைபிடி புன்னைக்குடா வீதி. தடுப்பு, கிழக்கே கடல்.

முதல் மூன்று இடங்களையும் சிரமமின்றிக் கண்டுபிடித்தோம். பிள்ளை தன் காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். தார் வீதியில் அவளுக்கு 100 மீட்டருக்கு 64 இரட்டை அடி, மணலில் 72. கால் புதைவதால் அடி குறுகுகிறது என்பதை அவளாகவே அளந்து வைத்திருந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வேகமாக நடந்தோம். அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

நான்காவது இடம் ஒரு பழைய கிணறு. வீதியிலுள்ள மதகிலிருந்து வடகிழக்காக 250 மீட்டர். நான் குனிந்து என் திசைகாட்டியைப் பார்த்தேன். "இந்தப் பக்கம்" என்று கை காட்டினேன். பிள்ளை தன் திசைகாட்டியைப் பார்த்தாள். "சாச்சி, என்ட ஊசி வேற பக்கம் காட்டுது. கொஞ்சம் இடப்பக்கமாப் போகணும் போல" என்றாள். "உன்ட ஊசி பழுதாகியிருக்கும். வா மகள், நேரம் போகுது" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தாள்.

நடந்தோம். 250 மீட்டர் கடந்தும் கிணறு இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தோம். ஒரு தென்னந்தோட்ட மூலையில் கிணறு தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் துணி இல்லை! "யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிட்டாங்க" என்றேன். வரைபடத்தில் கிணற்றருகே ஒரு வேலி இருந்தது. இங்கே வேலி இல்லை. "வேலியைப் பிடுங்கியிருப்பாங்க." வரைபடத்தில் ஒற்றைப் பனை இருந்தது, இங்கே மூன்று. "படம் வரைஞ்சவங்க கவனிக்கல்ல." கண்ணுக்கு முன்னால் இருந்த பூமியை என் எண்ணத்துக்கேற்றபடி வளைத்துக்கொண்டே போனேன். கிணற்றைச் சுற்றினோம், பற்றைக்குள் தேடினோம், இன்னும் கிழக்கே போனோம்.

திடீரென்று பிள்ளை நின்றுவிட்டாள். "சாச்சி, கடல் இரைச்சல் கூடிப் போச்சு. மதகில நிக்கக்கொள்ள இவ்வளவு கேக்கல்ல. நாம கிழக்கால கனதூரம் வந்துட்டம்."

காதைத் தீட்டினேன். உண்மைதான். அலை அடிப்பது தெளிவாகவே கேட்டது. காற்றுக்கூட உப்பாக இருந்தது. நான் கண்ணால் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். அவள் காதாலும் தேடியிருக்கிறாள். "இப்ப என்ன செய்ற?" என்று அவளிடமே கேட்டேன். "கடைசியா நிச்சயமாத் தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பிப் போகணும் எண்டு ரீச்சர் சொன்னாங்க. அது மதகு" என்றாள்.

மதகுக்குத் திரும்பி, அவளுடைய ஊசியின்படி அடி எண்ணி நடந்தோம். 180ஆவது அடியில் கிணறு, வேலி, ஒற்றைப் பனை. காற்றில் துணி ஆடிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இழந்தது 18 நிமிடம். மிச்ச நான்கையும் தவறில்லாமல் முடித்தும் 14 இணைகளில் 11ஆவதாகவே வந்தோம். உம்மம்மாவோடு வந்த பிள்ளைக்கு 2ஆம் இடம்! அந்த மூதாட்டி ஓடவே இல்லை. ஒரு தடவைகூட வழி தவறவுமில்லை.

ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எல்லோரையும் தென்னை நிழலில் உட்கார வைத்து ஆளுக்கொரு சிவப்புப் பென்சில் தந்தார்கள். போக வேண்டிய வழியை அல்ல, உண்மையில் போன வழியை வரைபடத்தில் கீற வேண்டும். பிறகு மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே விடை எழுத வேண்டும். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் எது? முதற் சந்தேகம் எப்போது வந்தது? சந்தேகம் வந்த பிறகு எவ்வளவு நேரம் நடந்தீர்கள்?

நான் எழுதினேன்: சந்தேகம் வந்தது கிணற்றடியில் துணியைக் காணாதபோது. அதன் பிறகு நடந்தது 10 நிமிடம். பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தாள்: "சந்தேகம் வந்தது மதகடியில், முதல் நிமிடத்திலேயே. சாச்சி சொன்னதால் பேசாமல் போனேன்."

சகோதரிகளே, அந்த வரியை வாசித்தபோது என் முகம் சுருங்கிப் போயிற்று. அவளுக்குப் பாதை தெரியும். தெரிந்திருந்தும், பெரியவள் சொல்கிறாள் என்பதற்காகத் தவறான வழியில் என் பின்னால் வந்திருக்கிறாள். அதை நாம் மரியாதை என்கிறோம். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் மரியாதையாகவே "இது வழியில்லை" என்று சொல்லவும், சொன்னால் பெரியவர்கள் நின்று கேட்கவும் நம் வீடுகளில் பழக்கியிருக்கிறோமா?

என் ஊசி ஏன் பொய் சொன்னது? ஆசிரியை என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கட ஸ்கார்ஃபில குத்தியிருக்கிறது காந்த பின்னா?" ஆம், துணியில் ஓட்டை விழாமல் இருக்க இப்போது நாம் எல்லோரும் வாங்கும் அந்தச் சின்னக் காந்த வில்லைகள்தாம்! குனிந்து பார்க்கும் போதெல்லாம் என் கழுத்தடிக் காந்தம் ஊசியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. கைத்தொலைபேசி, சாவிக்கொத்து, கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாமே இதைச் செய்யும். பழுதானது பிள்ளையின் கருவியல்ல. என்னோடு நானே சுமந்து போன காந்தம் என் ஊசியைத் திருப்பியிருக்கிறது. இதைவிடப் பெரிய உபதேசத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

25 பாகை விலகினால் என்ன பெரிய நட்டம் என்று எண்ணாதீர்கள். 250 மீட்டர் நடந்து முடிக்கையில் 100 மீட்டருக்கு மேல் விலகியிருப்போம். கிப்லாவை நாம் பேச்சு வழக்கில் மேற்கு என்கிறோம். ஏறாவூரிலிருந்து மக்காவின் திசை நேர்மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கே சாய்ந்தது. மார்க்கச் சட்டம் பேச நான் வரவில்லை, கோணத்தைத்தான் சொல்கிறேன். இந்தக் கோணத்தைச் சரியாகக் காணவே நம் முன்னோர் பலர் வானியலும் கணிதமும் கற்றார்கள். நேரத்தையும் திசையையும் அளக்கும் அஸ்தர்லாப் என்னும் கருவியைச் செய்யும் தொழிலில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஹலப் நகரில் அல்-இஜ்லிய்யா என்றொரு பெண் இருந்தார். தன் தந்தையின் தொழிலையே கற்றுத் தேர்ந்தவர். அப்படியிருக்க, திசை அறிவது ஆண்களின் வேலை என்று நாம் எப்போது முடிவு கட்டினோம்?

இதை நீங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். முற்றத்தில் ஒரு தடியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். 20 நிமிடம் கழித்து நிழல் நுனியில் மறுகல். முதற் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்குக் கோடு கீறினால், அது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் போகும். ஆண்டுதோறும் மே 27, 28ஆம் திகதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15, 16ஆம் திகதிகளில் 2.57க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் வெயிலில் நிற்கும் தடியின் நிழலுக்கு நேரெதிர்ப் பக்கம்தான் கிப்லா. சூரியனைக் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. நிழலை மட்டும் பார்த்தால் போதும். இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம் பகுதியில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 8 பாகையில், நீட்டிய கையின் முஷ்டி அகலத்துக்கும் குறைவான உயரத்தில் நிற்கும். வடக்கே மரமும் கூரையும் மறைக்காத இடம் வேண்டும்.

விளையாட்டுக்குத்தானே இதெல்லாம் என்று நினைக்கலாம். 1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்தபோது மட்டக்களப்புப் பகுதியின் தென்னைகள் ஆயிரமாயிரமாய் விழுந்தன. மரத்தை அடையாளம் வைத்து வழி சொன்னவர்களுக்கு மறுநாள் சொந்த ஒழுங்கையே அந்நியமாயிற்று என்று எங்கள் உம்மம்மா சொல்வார். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தது. மேடு எந்தப் பக்கம், பாலம் எந்தப் பக்கம் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்திருந்தால்தான் இரவில் கால் அறியும்.

இனி ராத்தாவைப் பற்றி. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை வரைபடத்தை மேசையில் விரித்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். என் காந்தக் கதையைக் கேட்டு ராத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வரைபடத்தின் இடது ஓரத்தில் ஊரின் ஒழுங்கைகள் சில கீறியிருந்ததைக் கண்டு குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

1990 ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு. ஏறாவூரை விடுதலைப் புலிகள் தாக்கியபோது, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி, நான் பஸ்ஸில் கடந்துவந்த அதே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொன்றொழிக்கப்பட்டன. இரு பக்கத்துத் தாய்மாருக்கும் அந்த ஆண்டு அப்படித்தான் விடிந்தது. எனக்கு அப்போது 4 வயது, ஒன்றும் நினைவில்லை. ராத்தாவுக்கு 8 வயது. அவர் அந்த இரவைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ராத்தா வரைபடத்தில் விரலை வைத்தார். "இந்த ஒழுங்கையாலதான் உம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினா" என்றார். விரல் மெல்ல நகர்ந்தது. ஒரு வேலி மூலை, ஒரு சந்தி. பிறகு நின்றுவிட்டது. "இதுக்கங்கால தெரியாது. உம்மாட கையத்தான் பிடிச்சிக்கொண்டு ஓடினன். எங்க போறம் எண்டு தெரியாமலே ஓடினன்."

பிள்ளை சற்று நேரம் உம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, கடைசியாத் தெரிஞ்ச இடம் இதுதான் உம்மா" என்று சொல்லி, சிவப்புப் பென்சிலால் அந்தச் சந்தியில் ஒரு சிறு வட்டம் போட்டாள். ராத்தா அவள் தலையைத் தடவினார். அடுத்த ஓட்டம் எப்போது என்று அவராகவே கேட்டார். துணைக்குத் தானே வருவதாகவும் சொன்னார்.

சகோதரிகளே, இன்று அஸருக்குப் பின் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போங்கள். வடக்கு எங்கே என்று அவளைக் கேளுங்கள். அவள் காட்டும் பக்கமும் நீங்கள் நினைக்கும் பக்கமும் வேறாக இருந்தால், அவளைத் திருத்துமுன் முதலில் உங்கள் ஸ்கார்ஃபிலுள்ள பின்னைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்.